என் மகளிடம் இருக்கும் ‘ஓப்’

என் மகள் எத்தனை சொல் சொல்லுவாள்?

கிளினிக்கில் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டு மூன்று மாதம் ஆகப்போகிறது. அன்றைக்கு நான் ஒரு பதில் சொன்னேன். அது சரியா, பிழையா, பொய்யா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

அப்போது மகளுக்கு இரண்டு வயதும் ஒரு மாதமும். அவளை நிறுப்பதற்காக, தராசில் தொங்குகிற துணிக் காற்சட்டைக்குள் இறக்கியிருந்தார்கள். கால்கள் இரண்டும் அந்தரத்தில் ஆட, என்னைப் பார்த்து “ஓப், ஓப்” என்றாள். குடும்பநல உத்தியோகத்தர், நாங்கள் மிஸ் என்று கூப்பிடுகிறவர், குனிந்து அவளுடைய கன்னத்தைத் தொட்டார்.

“பயமில்லைத்தானே செல்லம்?”

“ஓப்.”

“பாருங்கோவன், ஓம் எண்டு எவ்வளவு வடிவாச் சொல்லுறா. மரியாதை தெரிஞ்ச பிள்ளை.”

மகள் சொன்னது ஆம் என்கிற ஓம் இல்லை. ஆங்கிலத்து ஓஃப். லைற் ஓஃப், ஃபேன் ஓஃப் என்கிறோமே, அது. அவளுடைய வாயில் அது ஓப். என்னை இதிலிருந்து இறக்கு என்று அழாத குறையாகக் கேட்டவளை, பயமில்லை, ஓம் என்று சொன்னதாக அந்த மனுசி விளங்கிக்கொண்டார். “இல்லை மிஸ், அவ சொன்னது வேற” என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மரியாதை தெரிந்த பிள்ளை என்றது காதுக்கு இதமாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வி. “எத்தனை சொல்லுச் சொல்லுவா, அம்மா?” பேனை முனை, மகளுடைய கிளினிக் அட்டையில் இருந்த ஒரு சின்னப் பெட்டிக்கு மேலே நின்றது. எனக்குப் பக்கத்து வாங்கில் உட்கார்ந்திருந்த, இவளுடைய வயதுப் பெண்பிள்ளை ஒன்று, காகம் தன்னுடைய பிஸ்கற்றைத் தூக்கிக்கொண்டு போன கதையைத் தாய்க்கு முதலில் இருந்து கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தது.

“பன்னிரண்டு” என்றேன்.

“கொஞ்சம் குறைவுதான். பரவாயில்லை. ஓம் எண்டெல்லாம் விளங்கிப் பதில் சொல்லுறா தானே. மூண்டு மாசத்தாலை வாங்கோ, பாப்பம்.”

பெட்டிக்குள் பன்னிரண்டு விழுந்தது. ஒன்று என்று சொல்லியிருந்தால், பேச்சுப் பயிற்சிக்குக் கடிதம் எழுதித் தந்திருப்பார். அந்தக் கடிதத்துக்கு நான் பயந்தேன். வாசலைத் தாண்டியவுடனே, அது கிடைக்காமல் போனதற்கும் பயந்தேன்.

பன்னிரண்டு வாய்க்கு வந்த இலக்கம் இல்லை. நீர்வேலியிலிருந்து ஓட்டோவில் வரும்போது விரல் மடித்து எண்ணி வைத்திருந்தேன். என் மகளிடம் ஒரு சொல்தான் இருந்தது. ஆனால் அந்த ஒரு சொல்லால் அவள் பன்னிரண்டு விசயம் சொன்னாள்.

ஃபேன் நின்றால் ஓப். லைற் போனாலும் ஓப். அது எந்தப் பிள்ளையும் சொல்லும். அதற்குப் பிறகு ஒருநாள் ஒரு கதலிப் பழத்தைக் கொண்டுவந்து என்னுடைய மடியில் வைத்து “ஓப்” என்றாள். எனக்கு விளங்கவில்லை. தோலைத் தொட்டுக் காட்டினாள். உரித்துத் தரச் சொல்கிறாளாம். எங்கள் வளவுக்குள் வாழைக்குப் பஞ்சமில்லை. குலையிலிருந்து தகப்பன் சீப்பை வெட்டி எடுத்தாலும் ஓப்தான். வியர்த்தால் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓப். பால் முடிந்தால் கோப்பையைக் கவிழ்த்துக் காட்டி ஓப். மழை விட்டதும் படியில் நின்று, கையை நீட்டி, துளி விழுகிறதா என்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஓப். நிலவு முகிலுக்குள் போனால் ஓப். முழங்காலில் பட்ட காயம் நோகாமல் விட்ட அன்று, அந்த முழங்காலை எனக்கும் தகப்பனுக்கும் தனித்தனியாகக் காட்டி, ஓப். கண் இரண்டையும் இறுக்கி மூடிக்கொண்டு ஓப் என்றால், தான் நித்திரையாம், நாங்கள் சத்தம் போடக்கூடாதாம். பக்கத்து வளவில் இருக்கிற மச்சாள், என் கணவரின் அக்கா, கொஞ்சம் உரத்துக் கதைப்பவர். அவருடைய மடியில் ஏறி, அவருடைய வாயைத் தன் உள்ளங்கையால் பொத்தி, ஓப்.

பன்னிரண்டாவது, தகப்பன். காலையில் அவருடைய மோட்டார் சைக்கிள் ஒழுங்கை முடக்கில் மறைந்ததும், “அப்பா” என்கிற பாவனையில் கையைக் காட்டி, ஓப் என்பாள்.

தராசில் தொங்கிக்கொண்டு சொன்னது பதின்மூன்றாவது.

நான் தமிழ் படித்தவள். இங்கே கம்பஸ் இருக்கிற திருநெல்வேலியில் அறை எடுத்துத் தங்கிப் படித்து முடித்து, மகள் பிறக்கும்வரை ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்தேன். பலபொருள் ஒருசொல் என்று கரும்பலகையில் எழுதி, ‘மா’ என்பதற்கு எத்தனை பொருள் என்று பிள்ளைகளிடம் கேட்டிருக்கிறேன். மாமரம், குதிரை, அரிசி மா, பெரிய என்று எழுத எழுதப் புள்ளி கூடும். அப்படிப் புள்ளி போட்டவள்தான், என் மகளுக்கு ஒன்று என்று சொல்ல நாக்கு எழாமல் நின்றேன்.

கிளினிக்கால் வந்த அன்று மத்தியானம், அவள் நித்திரையான பிறகு, என்னுடைய பழைய ஆங்கில அகராதியைத் தட்டினேன். இரண்டு எழுத்தை மூன்றாக எழுதுகிற அந்தச் சின்னச் சொல்லுக்கு ஒரு பக்கமே போதாமல் இருந்தது. கழற்றுவது, வெட்டுவது, விடுமுறை, விலகிப்போவது, புறப்படுவது, நோவு ஆறுவது. மகள் சொன்னதில் அரைவாசிக்கு மேல் அங்கே இருந்தது. யாரும் சொல்லிக்கொடுக்காமல் இவள் இத்தனை பொருளையும் எங்கே பிடித்தாள் என்று புல்லரித்தது. அதோடு விட்டிருக்கலாம். இன்னும் வாசித்தேன். பால் ஓஃப் ஆனால் புளித்துவிட்டதாம். அலாரம் ஓஃப் ஆனால் அடிக்குமாம், நிற்காதாம். வெடி ஓஃப் ஆனால் வெடிக்குமாம். ஒரு சொல்லே தன்னைத் தானே மறுத்துக்கொண்டு நிற்கிறது. இதை ஒரே ஒரு கைப்பிடியாகப் பிடித்துக்கொண்டா என் பிள்ளை இவ்வளவு பெரிய உலகத்துக்குள் நடக்கப் பார்க்கிறாள் என்று அகராதியை மூடி வைத்தேன்.

அன்று பின்னேரம் கணவரிடம் உண்மையைச் சொன்னேன்.

“ஏனப்பா பன்னிரண்டு எண்டனீர்?”

“எண்ணினாப் பன்னிரண்டு தானே வருது.”

“ஒரு சுவிச்சிலை பன்னிரண்டு லைற் எரிஞ்சா, சுவிச்சு ஒண்டு தானே?”

“அப்ப லைற்?”

“லைற் பன்னிரண்டுதான்” என்றார்.

அவருக்கு வயறிங் வேலை. மயிலிட்டிப் பக்கம் புது வீடுகள் எழும்புகிறபடியால் வேலைக்குக் குறைவில்லை. மகள் இந்தச் சொல்லை எங்கே எடுத்தாள் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். முந்தி ஒரு வீட்டில், மெயின் சுவிச்சைப் பார்க்காமலே ஒருவர் “ஓஃப்” என்று சொல்லிவிட்டார். கணவர் வயரைப் பிடித்தார். ஏணியில் இருந்து தூக்கி எறிந்தது. வலது உள்ளங்கையில் ஒரு வெள்ளைத் தழும்பு இருக்கிறது. அதற்குப் பிறகு எந்த வீட்டிலும், எங்கள் வீட்டிலும்கூட, மூன்று தரம் கேட்டு மூன்று தரமும் பதில் வராமல் வயரில் கை வைக்க மாட்டார்.

மகள் கைக்குழந்தையாக இருந்தபோது எங்களுடைய குசினிப் பக்கத்து வயறிங்கை மாற்றினார். நான் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு மெயின் சுவிச்சடியில் நிற்பேன். உள்ளே இருந்து அவர் “ஓஃப்பா?” என்பார். நான் “ஓஃப்” என்பேன். “ஓஃப்பா?” “ஓஃப்.” “ஓஃப்பா?” “ஓஃப்.” பிறகு அவர் “சரி” என்று சொல்லி, வாயைக் குவித்துச் சீக்காய் அடிப்பார். பிள்ளை என் வாயையும் குசினி வாசலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பாள். எங்கள் வீட்டில் கேட்டவுடனே பதில் கிடைக்கிற சொல் அதுதான். நான் பிள்ளையாக இருந்திருந்தாலும் அதைத்தான் எடுத்திருப்பேன் போல.

இதில் வந்த சிக்கல், காலையில் தகப்பன் புறப்படும்போது அவள் ஓப் சொல்வது. போறன் என்றுகூட நாங்கள் சொல்லமாட்டோம், போட்டு வாறன் என்போம். ஒழுங்கை முடக்கில் இருக்கிற ஓட்டோக்காரர்களோ, யாராவது செத்துப்போனால் “ஆள் ஓஃப்” என்பார்கள். ஒருநாள் மச்சாள் தன் படலையடியில் நின்று மகள் சொன்னதைக் கேட்டுவிட்டார். ஒழுங்கை முடக்கு வரைக்கும் போன கணவரைக் கைதட்டிக் கூப்பிட்டு, கதிரையில் இருத்தி, ஒரு செம்பு தண்ணீர் குடிக்க வைத்தார்.

“கரண்டோடை வேலை செய்யிறவனைப் பாத்துப் பிள்ளை உப்பிடிச் சொல்லலாமே? இருந்து தண்ணி குடிச்சிட்டுப் போ தம்பி.”

“அக்கா, என்ரை வேலையிலை உதைப்போலை நல்ல சொல்லு வேற இல்லை. ஓஃப் எண்டாத்தான் நான் வீட்டை வருவன்.”

“நியாயம் பேசாமல் குடி.”

அடுத்த நாளிலிருந்து அவர் வீட்டில் தேத்தண்ணீர் குடித்து, மகளிடம் ஓப் வாங்கி, அக்காவின் படலையில் தண்ணீர் குடித்து, அதற்குப் பிறகுதான் வேலைக்குப் போனார்.

மச்சாள் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னது வேறு. “நான் பகிடிக்குச் சொல்லேல்லை. உந்த ஓஃப்பை நிப்பாட்டு. உது தமிழும் இல்லை, இங்கிலீசும் இல்லை. ஒரு சொல்லாலை எல்லாம் கிடைக்குதெண்டால், பிள்ளை ஏன் ரெண்டாவது சொல்லைத் தேடப்போகுது?” அவருடைய மகள் பத்து மாதத்தில் கதைத்தவள். ஃபோனில் தேடினேன். அங்கேயும் சிலர் அப்படித்தான் எழுதியிருந்தார்கள். வேறு சிலர் அதற்கு எதிராக எழுதியிருந்தார்கள். அவர்களை நான் வாசிக்காத மாதிரி விட்டுவிட்டேன்.

ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டினேன். விளக்கை நூர். தோலை உரி. சட்டையைக் கழற்று. பால் முடிஞ்சுது. மழை விட்டிட்டுது. அப்பா போட்டு வாங்கோ. வீட்டில் இனி யாரும் ஓஃப் சொல்லக்கூடாது. கணவர் வேலைக்காரப் பெடியன்களுடன் ஃபோனில் கதைக்க வேண்டி வந்தால் படலைக்கு வெளியே போய் நின்று கதைத்தார். மகள் ஓப் என்றால், எனக்கு விளங்காத மாதிரி நான் நடித்தேன்.

“என்ன குஞ்சு? உரி எண்டு சொல்லுங்கோ.”

“ஓப்.”

“அம்மாவுக்கு விளங்கேல்லை.”

முதல் இரண்டு நாளும் அழுதாள். நான்காம் நாள் பழத்தை என் மடியில் வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போய்விட்டாள். தோலோடு கிடந்த அந்தப் பழத்தைப் பார்த்தபோதே நான் நிறுத்தியிருக்க வேண்டும். தொடங்கியதை ஒழுங்காக முடிக்க வேண்டும் என்கிற என் பழக்கம் விடவில்லை. ஆறாம் நாளிலிருந்து அவள் வாய் திறக்கவில்லை. மழை விட்டது, படியில் நின்று கையை நீட்டிப் பார்த்தாள், உள்ளே வந்துவிட்டாள். தகப்பன் போனபோது கையை மட்டும் காட்டினாள். கதைத்த பிள்ளை கதைக்காமல் போன பிறகு, ஒன்று என்கிற இலக்கம் எவ்வளவு பெரியது என்று எனக்கு விளங்கியது.

பதினோராம் நாள் கணவர் நேரத்தோடு வந்தார். மகள் சுவிச்சுக்குக் கீழே நின்றுகொண்டிருந்தாள். கை மேலே நீண்டிருக்கிறது. வாய் மூடியிருக்கிறது. என்னைப் பார்க்கிறாள், அவரைப் பார்க்கிறாள்.

“என்னப்பா இது,” என்றார் மெதுவாக. “பிள்ளையின்ரை மெயினை எல்லோ ஓஃப் பண்ணிப் போட்டீர்.”

அவர் கோபத்தில் சொல்லவில்லை. பகிடிபோலத்தான் சொன்னார். நான் போய்த் தொட்டியடியில், ஏற்கெனவே கழுவி வைத்த கோப்பைகளை இன்னொரு தரம் கழுவினேன்.

பிறகு தாளைக் கிழித்தேன். மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு மெயின் சுவிச்சடிக்குப் போய் நின்று, அவரைக் குசினிக்குள் போகச் சொன்னேன். அவருடைய கையில் தேத்தண்ணீர்க் கோப்பையைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. மெயினை இறக்கினேன். ஃபேன் சுழன்று சுழன்று நின்றது.

“ஓஃப்பா?”

நான் ஒன்றும் சொல்லவில்லை. மகள் என் வாயைப் பார்த்தாள்.

“ஓஃப்பா?”

ஃபேனைப் பார்த்தாள். குசினி வாசலைப் பார்த்தாள். அவளுடைய விரல்கள் என் தோளில் இறுகின.

“பிள்ளை, ஓஃப்பா?”

“ஓப்” என்றாள். எனக்கு மட்டும் கேட்கிற அளவில்.

“கேக்கேல்லையே.”

“ஓப்.”

“சரி” என்று அவர் சீக்காய் அடித்தார். அந்தச் சீக்காய் இடையில் உடைந்து காற்றாகப் போனது. மகள் என்னுடைய கழுத்துக்குள் முகத்தை வைத்துச் சிரித்தாள். அன்று மட்டும் ஆறேழு தரம் மெயினை இறக்கி ஏற்றினோம். மச்சாள் மதிலுக்கு மேலால் எட்டி, “உங்கடை வீட்டிலை மட்டும் ஏன் கரண்ட் போய்ப் போய் வருது?” என்று கேட்டார்.

இது நடந்து ஒரு மாதம் இருக்கும். போன கிழமை பின்னேரம் நானும் மகளும் மச்சாளும் படலையடியில் நின்றோம். ஒழுங்கை முடக்கில் மோட்டார் சைக்கிள் தெரிந்தது. மகள் கையைக் காட்டினாள்.

“ஓப்பில்ல.”

“என்னவாம்?” என்றார் மச்சாள்.

“ஓப்பில்ல. ஓப்பில்ல.”

அப்பா ஓஃப் இல்லை. அப்பா வந்துவிட்டார். இல்லாமல் போனது திரும்பி வருவதற்கு அவளிடம் ஒரு சொல் தேவைப்பட்டிருக்கிறது. ஓன் என்று ஒரு சொல் இருக்கிறதை அவள் கவனிக்கவில்லை, தானே ஒன்று செய்துகொண்டாள். அன்றிலிருந்து மழை தொடங்கினால் ஓப்பில்ல. முகிலால் நிலவு வெளிப்பட்டால் ஓப்பில்ல. காலையில் கண் விழித்ததும் தன்னுடைய நெஞ்சைத் தொட்டுக் காட்டி ஓப்பில்ல என்கிறாள்.

மச்சாள் இரண்டு நாள் யோசித்துவிட்டு வந்து சொன்னார்: “இல்லை எண்டது தமிழ் தானே. அதை ஒண்டெண்டு எண்ணலாம்.” காலையில் தண்ணீர்ச் செம்பை மட்டும் அவர் இன்னும் விடவில்லை.

வருகிற செவ்வாய்க்கிழமை மீண்டும் கிளினிக். நான் ஒன்றை முடிவெடுத்துவிட்டேன். மிஸ்ஸிடம் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். அன்றைக்கு நீங்கள் கேட்டது ஓம் இல்லை, ஓப் என்று சொல்வேன். பன்னிரண்டு என்று நான் சொன்னது எதை எண்ணி என்று சொல்வேன். பேச்சுப் பயிற்சிக்குக் கடிதம் கேட்டு வாங்குவேன். மூன்று மாதத்தை நான் வீணாக்கினேனா என்பதையும் கேட்பேன். கணவரும் வேலைக்குப் போகாமல் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார். பேச்சு வாங்கினால் இரண்டு பேருமாக வாங்குவோம்.

முடிவெடுக்க முடியாதவை வேறு. அந்தப் பெட்டிக்குள் ஒரு இலக்கம் எழுதத்தான் இடம் இருக்கிறது. ஒன்றா, இரண்டா, பதினேழா? இன்னொன்று, அவள் பழத்தை நீட்டி ஓப் என்கிறபோது நான் இப்போது “ஓப், உரிச்சாச்சு” என்று இரண்டையும் சேர்த்துச் சொல்கிறேன். அவளுடைய சொல்லை நானும் சொல்வது அவளைக் கைபிடித்துக் கூட்டிப்போவதா, அல்லது அந்த இடத்திலேயே இருத்தி வைப்பதா? ஒரு தரம் பிழைவிட்டுப் பதினோரு நாளைக் கண்டவள் நான். இன்னொரு தரம் அப்படி நடக்கக்கூடாது.

இதை வாசிக்கிற அம்மாமாரில், அப்பாமாரில், பிந்திக் கதைத்த பிள்ளையை வளர்த்தவர்கள் இருப்பீர்கள். உங்கள் பிள்ளை தன்னுடைய சொல்லில் கேட்டபோது நீங்கள் எந்தச் சொல்லில் பதில் சொன்னீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். உங்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்டபோது என்ன இலக்கம் சொன்னீர்கள் என்றும் எழுதுங்கள். உங்கள் பதில் வருவதற்குள் செவ்வாய்க்கிழமை போய்விட்டாலும் பரவாயில்லை. அதற்கு அடுத்த மூன்று மாதத்திலும் அந்தப் பெட்டி அங்கே இருக்கும்.